கொழும்பு என்னாச்சு?

2023-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள், வியாழக்கிழமை. மக்ரிபுத் தொழுகை முடிந்து பள்ளிவாசலின் வெளித்திண்ணையில் நாம் வந்தமர்ந்தபொழுது, மும்பை வான்கடே மைதானத்தில் இந்திய அணி 357 ஓட்டங்களைக் குவித்து முடித்திருந்தது. எதிரே இலங்கை. மத்ரஸா மாணவர் நால்வர் தூணுக்கு அப்பால் ஒரு கைப்பேசியைச் சுற்றிக் குனிந்திருந்தனர். நம்மைக் கண்டதும் அது ஒருவனுடைய சட்டைப் பைக்குள் மறைந்தது. நாமும் காணாதவர்போல் இருந்துவிட்டோம். இஷாவுக்குப் பாங்கு சொல்லும் முன்பே அவர்களுள் இளையவன் அருகில் வந்து, "ஹஜ்ரத், ஆறு விக்கெட் போயிட்டு. பதினாலு ரன்தான்" என்றான். அவன் முகத்தில் மகிழ்ச்சியும் இருந்தது. ஆசிரியர் முன்னிலையில் அதைக் காட்டலாகாதே என்ற அடக்கமும் இருந்தது. இஷாவை முடித்து, இரண்டொருவரிடம் பேசிவிட்டு நாம் வீடு சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. தொடக்க ஆட்டக்காரர் இருவரும் தாம் சந்தித்த முதற்பந்திலேயே வெளியேறினராம். மொத்தம் 55 ஓட்டங்கள். 302 ஓட்ட வித்தியாசத்தில் தோல்வி.

வாசக அன்பர்கள் முகம் சுளிக்கக் கூடும். தூத்துக்குடியில் நஹ்வும் ஸர்ஃபும் கற்பித்துக்கொண்டிருக்கும் ஓர் ஆசிரியருக்கு, ஐம்பதைக் கடந்த வயதில், கிரிக்கெட்டில் என்ன வேலை? அதிலும் நம் நாட்டு அணி வென்ற நாளில் அயல்நாட்டு அணிக்காக இராவுணவு இறங்காமற் கிடப்பது என்ன நியாயம்? இக்கேள்விகளை நம் வீட்டாரே நம்மிடம் கேட்டிருக்கின்றனர். பந்தயம் கட்டியதில்லை, ஆட்டத்துக்காக ஜமாஅத்தைத் தவறவிட்டதில்லை என்று மட்டும் முதலில் சொல்லிவைக்கிறோம். மற்றதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும்.

நம் வாப்பா மர்ஹூம் அவர்கள், காயல்பட்டினத்தில் அந்நாளில் மீசை அரும்பிய பிள்ளைகள் பலரும் சென்றதுபோல, கொழும்புக்குப் போனவர்கள். புறக்கோட்டை கெய்ஸர் வீதியில் ஒரு துணிக்கடையில் இருபத்திரண்டு ஆண்டுகள் கணக்கெழுதினார்கள். ஐவேளைத் தொழுகை, இரண்டாம் குறுக்குத் தெருவிலுள்ள சிவப்பு வெள்ளைக் கோடுகள் போட்ட ஜாமிஉல் அல்ஃபார் பள்ளியில். நம் உம்மாவின் கழுத்துக்கும் ராத்தாமாரின் கல்யாணத்துக்கும் பொன் வந்தது அந்தக் கெய்ஸர் வீதியிலிருந்துதான். நாம் அலிஃப் பே ஓதிய காலத்துக் கட்டணமும் அங்கிருந்து வந்ததே. 1974-இல் வீசா நீட்டிப்புக் கிடைக்காமல் ஊர் திரும்பியபொழுது வாப்பா மூன்று பொருள்களைக் கொண்டுவந்தார்கள். ஒரு டிரான்சிஸ்டர், பால் சேர்க்காத தேநீர் குடிக்கும் பழக்கம், கிரிக்கெட் பித்து.

ஊரில் அப்போது அந்தப் பித்துக்குத் துணையில்லை. காயலில் ஆட்டம் என்றால் கால்பந்துதான். அஸருக்குப் பின் மைதானத்தில் நிற்க இடமிராது. மட்டையைத் தூக்கிக்கொண்டு திரிபவனைச் சோம்பேறி என்பார்கள். ஆகவே வாப்பாவுக்கு வானொலியே துணை. நம் கடற்கரையில் திருநெல்வேலி நிலையத்தைக் காட்டிலும் கொழும்புதான் தெளிவாகக் கேட்கும். பக்கத்து வீட்டில் யாரோ பேசுவதுபோல இருக்கும். சுபுஹு தொழுது வந்து பாயில் சாய்ந்தவாறே வாப்பா கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கொழும்பு என்னாச்சு?" அரிசி விலை, கலவரம், கடைக்காரர் சேதி, கிரிக்கெட் எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடக்கம்.

1975-இல் இங்கிலாந்தில் நடந்த முதல் உலகக் கிண்ணப் போட்டியில் இலங்கை ஆஸ்திரேலியாவை எதிர்த்து ஆடியதை வாப்பா நமக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். தாம்சன் என்பவரின் வேகப்பந்து பட்டு சுனில் வெத்தமுனியும் துலீப் மெண்டிஸும் மருத்துவமனைக்குப் போயினர். இலக்கு 329, இலங்கை எடுத்தது 4 விக்கெட்டுக்கு 276. தோல்விதான். எனினும் வாப்பா அதைச் சொல்லும்பொழுது தோற்ற கதையைச் சொல்வதுபோலவே இராது.

1979 ஜூன் மாதம் மான்செஸ்டரில் இலங்கை இந்தியாவையே 47 ஓட்டங்களால் வென்றது. இலங்கைக்கு அப்போது டெஸ்ட் தகுதிகூடக் கிடைத்திருக்கவில்லை. நமக்கு ஒன்பது வயது. காலைச் செய்தியைக் கேட்ட வாப்பா எழுந்து நின்றார்கள். பிறகு என்ன நினைத்தார்களோ, ஒலியைக் குறைத்துவிட்டு மெல்ல உட்கார்ந்துகொண்டார்கள். தோற்ற இந்திய அணியின் தலைவர் சென்னைக்காரரான வெங்கட்ராகவன். அவருடைய சுழற்பந்தின் மீதும் வாப்பாவுக்கு மட்டில்லாத மதிப்பு. "ரெண்டும் நம்ம வீடுதான். ஆனா ஒரு வீட்டுல சோறு நிறைய இருக்கு" என்றார்கள். நமக்கு அன்று விளங்கவில்லை.

1982 பிப்ரவரியில் இலங்கையின் முதல் டெஸ்ட் போட்டி. கொழும்பில் தமிழ் யூனியன் சங்கத்தின் மைதானம். சரவணமுத்து என்ற தமிழரின் பெயர் தாங்கியது. எதிரணி இங்கிலாந்து. அர்ஜுன ரணதுங்க என்னும் பதினெட்டு வயதுப் பையன் அரைச்சதம் அடித்தான். இரண்டாம் இன்னிங்ஸில் 3 விக்கெட்டுக்கு 167 என்று கம்பீரமாக நின்ற அணி 175-க்குள் சுருண்டது. எட்டு ஓட்டங்களுக்குள் ஏழு விக்கெட்! வாப்பா டிரான்சிஸ்டரை அதன் துணியுறைக்குள் போட்டு நாடாவை இறுக்கி முடிந்தார்கள். அன்று முழுவதும் அதைப்பற்றி ஒரு சொல் இல்லை. மறுநாள் சுபுஹுக்குப் பின் அதே கேள்வி: "கொழும்பு என்னாச்சு?" ஆட்டம் முந்தைய நாளே முடிந்துவிட்டது என்பதை நாம் நினைவூட்டினோம். "தெரியும்ப்பா" என்றார்கள்.

இந்தப் பொறுமை அவர்களுக்குத் தம் தகப்பனாரிடமிருந்து வந்தது என்று நாம் கருதுகிறோம். நம் பாட்டனார் சலாபத்தோடு தொழில் தொடர்புடையவர்கள். முத்துச் சலாபம் எத்தகைய தொழில் என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. நெல்லைப்போல் ஆண்டுக்கு ஆண்டு விளைவதன்று. கடலடியில் பாறைத் திட்டுகளாகிய பார்களில் சிப்பி திரளும் ஆண்டும் உண்டு; ஒன்றுமேயில்லாமல் பல்லாண்டுகள் வெறுமையாய்க் கிடப்பதும் உண்டு. 1905-இல் அக்கரையில் மரிச்சுக்கட்டியில் எட்டுக்கோடிக்கு மேற்பட்ட சிப்பிகளை எடுத்தனர். அதைக் கண்டு மறு ஆண்டே ஓர் ஆங்கிலக் கம்பெனி இருபதாண்டுக் குத்தகைக்கு அந்தப் பார்களை எடுத்தது. பார் வறண்டது, கம்பெனியும் கவிழ்ந்தது. நம் பக்கத்தில் 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் முத்துக் குளித்தனர். அதுவே கடைசி. ஆனால் பாட்டனார் தம் இறுதிக்காலம்வரை, மீன்துறையார் பார் பார்த்துத் திரும்பினர் என்று கேள்விப்பட்டால் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், "சிப்பி இருக்கா?" என்று கேட்க. இல்லை என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு வந்து சாப்பிட உட்காருவார்கள். ஏமாந்த முகத்தை நாம் கண்டதில்லை.

1996-இல் பார் நிறைந்தது. அவ்வாண்டு ஜனவரி 31-இல் கொழும்பு மத்திய வங்கியில் குண்டு வெடித்துத் தொண்ணூறு பேரளவில் மாண்டனர். வாப்பா கணக்கெழுதிய வீதிக்கு அது நடந்துபோகும் தூரம். உலகக் கிண்ண ஆட்டத்துக்குக் கொழும்பு வர ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் மறுத்துவிட்டன. அப்போது இந்தியரும் பாகிஸ்தானியரும் ஒரே அணியாகச் சேர்ந்து, அஸ்ஹருத்தீன் தலைமையில், கொழும்புக்குப் போய் ஆடிக் காட்டினார்கள். இந்நிகழ்ச்சியை நம் மாணவரிடம் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. கல்கத்தாவில் நடந்த அரையிறுதியில் இந்தியா தோற்கப்போவதைப் பொறாத கூட்டம் மைதானத்தில் புட்டிகளை எறிந்து, இருக்கைகளுக்குத் தீமூட்டி, ஆட்டத்தையே நிறுத்திற்று. மார்ச் 17-இல் லாகூரில் அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள் எடுத்தார். இலங்கை ஆஸ்திரேலியாவை வென்று கிண்ணத்தைக் கொண்டுபோயிற்று. அண்டை வீட்டுத் தொலைக்காட்சியின் முன் வாப்பா அழுததை அன்றுதான் நாம் முதன்முறை கண்டோம்.

அவர்கள் காலமான பின் அந்தக் கேள்வி நம்மிடம் வந்து சேர்ந்தது. அதனோடு, வாப்பாவிடம் யாரும் கேட்கத் துணியாத வேறு கேள்விகளும் வந்தன.

2009-இல் முள்ளிவாய்க்காலில் நம் மொழி பேசும் மக்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தபொழுது, அந்நாட்டின் பெயரைச் சட்டையில் தாங்கிய அணிக்கு வெற்றி வேண்டுவது எங்ஙனம்? 2013-இல் சென்னையில் நடந்த ஐ.பி.எல். ஆட்டங்களில் இலங்கை வீரர்கள் ஆடலாகாதென்று தமிழக அரசு தடுத்தது. அந்தக் கோபத்தை நாம் தவறென்று சொல்லமாட்டோம். எனினும் அந்த அணியில் டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட் வீழ்த்திய முத்தையா முரளிதரன் இருந்ததும் உண்மை. தலைவராயிருந்த சங்கக்கார 2011-இல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் நிகழ்த்திய உரையில், 1983 கலவரத்தின்போது தம் தந்தை கண்டியிலுள்ள தம் இல்லத்தில் தமிழ்க் குடும்பங்களுக்கு அடைக்கலம் கொடுத்ததை எடுத்துரைத்தார். தம் நாட்டு வாரியத்தின் சீர்கேட்டையும் அதே மேடையில் சொன்னார். அடுத்த ஆண்டுகளில் நிகழ்ந்த சரிவுக்கு அந்தச் சீர்கேடும் ஒரு காரணம் என்பது நம் துணிபு.

நம்மை உண்மையிலேயே அசைத்தது 2020. கொரோனாவில் இறந்தவர் அனைவரையும் எரித்தே தீரவேண்டும் என்று அந்நாட்டு அரசு ஆணையிட்டது. புதைக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லியும் கேளவில்லை. வாப்பாவின் தங்கையாகிய நம் மாமி கொழும்பில் வாழ்க்கைப்பட்டவர்கள். மாமியின் கணவர் அவ்வாண்டு டிசம்பரில் மருத்துவமனையில் காலமானார்கள். குளிப்பாட்டல் இல்லை, கஃபன் இல்லை, கப்று இல்லை. எரித்தார்கள். அதே மாதம் பிறந்து இருபதே நாளான ஒரு முஸ்லிம் குழந்தையையும் எரித்தபொழுது, பொரளை மயானத்தின் வாயிற்கம்பிகளில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கொண்டுவந்து கட்டினர். கட்டியவர்களுள் சிங்களரும் இருந்தனர் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். 2021 பிப்ரவரி இறுதியில்தான் அந்த ஆணை நீங்கிற்று.

அந்நாளில் நாம் இலங்கை அணியின் ஆட்டத்தை அடியோடு விட்டோம். யார் ஆடுகிறார், யார் தோற்கிறார் என்று கேட்பதில்லை. சுபுஹுக்குப் பின் அந்தக் கேள்வி நாவில் எழும், விழுங்கிக்கொள்வோம். ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஆண்டு.

2022-இல் அத்தீவில் எரிபொருள் இல்லை, மருந்தில்லை, பால்மா இல்லை. தமிழ்நாடு அனுப்பிய அரிசியிலும் பால்மாவிலும் ஒரு பகுதி நம் வ.உ.சி. துறைமுகத்திலிருந்தே கப்பலேறியது. ஆசியக் கிண்ணப் போட்டியைத் தம் நாட்டில் நடத்த இயலாமல் துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் போனார்கள். முதல் ஆட்டத்தில் ஆப்கானியரிடம் 105 ஓட்டங்களுக்குள் சுருண்டார்கள். செப்டம்பர் 11-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி நம் கைப்பேசி ஒலித்தது. மாமியின் மகன். அந்நேரத்தில் கொழும்பிலிருந்து அழைப்பு என்றால் மவுத்துச் செய்தியாகத்தான் இருக்கும் என்று நெஞ்சு பதறியது.

"மச்சான், வெண்டுட்டம்!" என்றார்.

இறுதியாட்டத்தில் 58 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டை இழந்த நிலையிலிருந்து எழுந்து, பாகிஸ்தானை வென்றிருந்தார்கள். நாம் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, கேட்கலாகாததைக் கேட்டுவிட்டோம்: "மாமாவுக்கு அப்படிச் செய்தபிறகுமா, மச்சான்?"

"அதைச் செஞ்சது இந்தப் பொடியன்மாரா, மச்சான்? வாப்பா ஆயுசுக்கும் பார்த்தது இவங்கட மெச்சைத்தானே" என்றார். அப்புறம் மாமியிடம் கொடுத்தார். மாமி கேட்டது, தூத்துக்குடியில் மழை உண்டா என்பது.

எரித்த வீட்டார் விடாத அணியை, எட்ட இருந்து துக்கம் விசாரித்த நாம் விட்டது என்ன உரிமையில் என்று அன்று இரவு நமக்குத் தோன்றிற்று. மறுநாள் சுபுஹுக்குப் பின் கேள்வி தானாகவே வந்தது.

இதையெல்லாம் ஒருநாள் பாட இடைவேளையில் மூத்த வகுப்பு மாணவரிடம் சொன்னோம். ஒருவன் நன்றாக ஓதுகிறவன். "ஹஜ்ரத், இது அஸபிய்யத் ஆகாதா?" என்றான். கேள்வி நியாயமானது. நரம்பைக் குறிக்கும் 'அஸப்' என்னும் சொல்லோடு ஒரே வேர் கொண்டது அது. கூட்டத்தாரோடு நரம்புபோல் பிணைந்துகொண்டு, அவர்கள் அநியாயம் செய்யினும் துணைநிற்பதே கண்டிக்கப்பட்டது. எரித்தவனுக்கு நாம் துணை நின்றோமா? இல்லை. அப்படியாயின் யாருக்கு? பதினொரு பையன்களுக்கு. இந்த விடையில் முழு நிறைவு நமக்கு இன்றளவும் இல்லை என்பதை மறைக்கவேண்டியதில்லை. சட்டையில் எழுதியிருப்பது அரசின் பெயரும்தானே.

ஆனால் வேறொரு சொல்லை அவனுக்கு எடுத்துக்காட்டினோம். தமிழில் ஆட்டம் பார்ப்பவனை ரசிகன் என்கிறோம். ரசம் இருக்குமளவும் இருந்து, தீர்ந்ததும் எழுந்துபோகிறவன். அவனைக் குறைகூறவும் இயலாது. 55 ஓட்டத்தில் சுவைக்க என்ன இருக்கிறது? இக்காலத்து அரபி நாளிதழ்கள் அவனை 'முஷஜ்ஜிஃ' என்று எழுதுகின்றன. 'ஷஜாஅத்' என்றால் வீரம். முஷஜ்ஜிஃ என்றால் பிறனுக்கு வீரமூட்டுகிறவன், தைரியம் சொல்கிறவன். வென்று நிற்பவனுக்குத் தைரியம் சொல்ல ஆள் எதற்கு? பையன் சிரித்தான். "அப்ப தோத்தாத்தான் நீங்க வேணும், ஹஜ்ரத்" என்றான். பறம்பு முந்நூறு ஊர்களே உடையது, முற்றுகையிட்டவர் மூவேந்தர் என்று தெரிந்தும் கபிலர் பாரியை விட்டு நகரவில்லையே என்று தொடங்கினோம். மணி அடித்துவிட்டது.

அணியின் நிலை பின்னும் தாழ்ந்தது. ஆசியக் கிண்ணம் வென்ற ஐந்தாவது வாரமே நமீபியாவிடம் தோற்றார்கள். முரளிதரனும் ஜயவர்தனவும் சங்கக்காரவும் ஓய்வுபெற்ற இடம் நிரம்பவில்லை. தலைவர்களை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 2023 செப்டம்பர் 17-இல் கொழும்பிலேயே, தம் மக்கள் முன்னிலையில், ஆசியக் கிண்ண இறுதியில் இந்தியாவிடம் 50 ஓட்டங்களுக்குள் சுருண்டார்கள். ஹைதராபாத்தின் ஆட்டோ ஓட்டுநர் மகன் முஹம்மது சிராஜ் ஒரே ஓவரில் நான்கு விக்கெட்டும் மொத்தம் ஆறு விக்கெட்டும் வீழ்த்தினார். நம் மாணவர் அன்று துள்ளிய துள்ளலைச் சொல்லி முடியாது. அந்தப் பிள்ளை தமக்குக் கிடைத்த பரிசுப் பணத்தை, மழைக்கிடையே மைதானத்தைக் காத்த கொழும்புப் பணியாளருக்கே கொடுத்துவிட்டார் என்று கேட்டபொழுது நமக்கும் நெஞ்சு நிறைந்தது. எதிரே நின்று நம்மவரை முறித்தவரும் நம்மவரே. வாப்பா சொன்ன இரண்டு வீடு இதுதான் போலும்.

ஆறு வாரம் கழித்து வான்கடே. அன்று ஐந்து விக்கெட் எடுத்தவர் முஹம்மது ஷமி, சிராஜுக்கு மூன்று. இஷாவுக்குப் பின் வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். மச்சானை அழைக்கத் தயக்கம். அவரே அழைத்தார். ஸலாம் சொன்னோம், மாமியின் முட்டுவலியைக் கேட்டோம், இங்கே உப்பளங்களில் தண்ணீர் நிற்பதைச் சொன்னோம். ஓட்டக்கணக்கை இருவரும் வாயெடுக்கவில்லை. வைக்கும்பொழுது, "திங்கக்கிழமை டில்லியில வங்காளதேசத்தோட. பாப்பம்" என்றார்.

அதற்குள் அந்நாட்டு விளையாட்டு அமைச்சர் கிரிக்கெட் வாரியத்தையே கலைத்தார். நீதிமன்றம் அதை மீண்டும் அமர்த்திற்று. நவம்பர் 10-இல் சர்வதேசக் கிரிக்கெட் மன்றம் அரசின் தலையீட்டைக் காட்டி இலங்கையை இடைநீக்கம் செய்தது. 2024 ஜனவரியில் நீக்கிய தடை அது. உலகக் கிண்ணத்தில் ஒன்பதாமிடம் பெற்றமையால் 2025 சாம்பியன்ஸ் கிண்ணத்தில் ஆடும் தகுதியும் போயிற்று. இடையே 2024 ஆகஸ்டில், இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின், இந்தியாவை ஓர் ஒருநாள் தொடரில் வென்றார்கள். அன்று மச்சான் பேசிய பேச்சுக்குக் கைப்பேசிச் சூடு தாங்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமையைச் சொல்லாமல் விட்டோம். டில்லியிலும் தோல்வியே. களத்தில் இறங்கிய ஏஞ்சலோ மத்யூஸ் தலைக்கவசத்தின் வார் அறுந்து வேறொன்றைக் கொண்டுவரச் சொல்ல, நேரம் கடந்தது என்று எதிரணியார் முறையிட, ஒரு பந்தையும் சந்திக்காமலே அவர் வெளியேற நேர்ந்தது. சர்வதேசக் கிரிக்கெட்டில் அப்படி ஆட்டமிழந்த முதல் மனிதர் அவர். அதுவும் நம் பங்குக்கே வரவேண்டுமா!

மறுநாட்காலை சுபுஹு முடிந்ததும் அழைத்தோம். "கொழும்பு என்னாச்சு?"

"ஒண்டுமில்ல மச்சான். கடையில நல்ல வார் இருக்கு; கொண்டுபோய்க் குடுப்பமா எண்டு யோசிக்கிறன்" என்றார்.